சைக்கிள், சினிமா, கொஞ்சம் கவிதை

படைப்பாற்றல் என்றதும் பெரும்பாலானவர்களின் மனசில் வருகிற படம் ஒன்றுதான். ஜன்னலோர மேஜை, ஆவி பறக்கும் காபி, மோவாயில் கை, தூரத்தில் மலை. சினிமாவில் ஒரு கவிஞனைக் காட்டினாலும் இப்படித்தான் காட்டுகிறார்கள். ஜிப்பா கட்டாயம் உண்டு. நிஜத்தில் இந்த வசதியெல்லாம் வாய்த்த கவிஞர்கள் ரொம்பக் கம்மி. வாய்த்தவர்கள் எல்லாரும் எழுதிக் குவித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

தினமும் காலையில் கல்லூரிக்கோ வேலைக்கோ சைக்கிள் மிதித்துப் போகிற இருபது, முப்பது நிமிடம் இருக்கிறதே... அதை எல்லாரும் வீணாகிற நேரம் என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டில் தனக்கென்று ஓர் அறை இல்லாதவர்களுக்கு யோசிக்கக் கிடைக்கிற ஒரே அறை அதுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் கவிதை, சினிமா எல்லாம் ஜன்னலோர மேஜை வைத்திருப்பவர்களின் சொத்தாகிவிடும்.

கொஞ்சம் பெரிசாகப் பேசுவது போலத் தெரியலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1929-இல் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு பெண் கதை எழுத வேண்டுமென்றால் அவளுக்குக் கொஞ்சம் பணமும், தாழ் போட்டுக்கொள்ளத் தனியாக ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் சாரம். வருடத்துக்கு ஐந்நூறு பவுண்டு என்று தொகையைக்கூடச் சொல்லியிருந்தார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம்மூரில் பாதிப் பேருடைய வீட்டு நிலவரம் என்ன? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஹாலில் டிவி ஓடும். எதிரில் பாட்டி. ஒரு மூலையில் தம்பி வாய்ப்பாடு ஒப்பிப்பான். உள்ளே மிக்சி. இந்த வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ சுவரைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று யாராவது வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் வந்த யோசனை போய்விடும்.

அதே ஆள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் தெருமுனையைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. இனி அரை மணி நேரத்துக்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்ல மாட்டார்கள். மார்க் என்ன ஆச்சு என்று விசாரிக்க மாட்டார்கள். கதவு இல்லை, தாழ் இல்லை, கூரைகூட இல்லை. இருந்தாலும் அது ஓர் அறைதான்.

சரி, பஸ்ஸில் போனாலும் இந்த நேரம் கிடைக்குமே, சைக்கிளில் என்ன விசேஷம்?

சைக்கிள் கற்றுக்கொண்ட முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். மொத்த மூளையும் ஹேண்டில்பாரில் இருக்கும். எதிரே ஓர் எருமை வந்தால் உலகத்தில் எருமையைத் தவிர வேறொன்றும் இருக்காது. மூன்று மாதம் போனால் கால் தன் பாட்டுக்கு மிதிக்கும், கை தன் பாட்டுக்குத் திருப்பும். தினமும் போகிற பாதை என்றால் எந்த இடத்தில் பள்ளம், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும். மூளையின் ஒரு சின்னப் பகுதி மட்டும் ஷேர் ஆட்டோக்களையும் திடீரென்று திறக்கிற கார் கதவுகளையும் கவனித்துக்கொண்டிருக்கும். மீதிக்கு வேலை இல்லை. அது கிளம்பிவிடும்.

இந்தப் பாதி வேலை, பாதி ஓய்வு நிலைமைதான் முக்கியம். ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்தால் ஒன்று தூக்கம் வருகிறது, இல்லையென்றால் கவலை வருகிறது. பஸ்ஸின் நெரிசலில் ஒரு கை கம்பியில், ஒரு கை பர்ஸில், ஒரு கண் இறங்கும் நிறுத்தத்தில். முழுக் கவனமும் கேட்கிற வேலையில் மனசு அலைய வழியில்லை. சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்குக் கணித உலகத்தில் ஒரு பிரபலமான சம்பவம் உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்கரே ஒரு சிக்கலோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சுற்றுப்பயணம் போக வேண்டி வந்தது. வழியில் கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸில் ஏறப் படிக்கட்டில் காலை வைக்கிறார். வைத்த அந்த நொடியில் விடை வந்துவிட்டது. வண்டியில் ஏறி, பக்கத்தில் இருந்தவரோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து சரிபார்த்தார். 1908-இல் வெளிவந்த தன் புத்தகம் ஒன்றில் அவரே இதை விவரித்திருக்கிறார்.

இந்த மாதிரிச் சம்பவங்களை வைத்து கிரகாம் வாலஸ் என்கிற ஆங்கிலேயர் 1926-இல் படைப்பு நடக்கிற விதத்தை நான்கு கட்டமாகப் பிரித்தார். முதலில் தயாரிப்பு, பிறகு அடைகாத்தல், பிறகு பளிச்சென்று தோன்றுதல், கடைசியில் சரிபார்த்தல். கவனிக்க வேண்டியது முதல் கட்டமும் கடைசிக் கட்டமும். நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளாதவருக்கு எந்த பஸ் படிக்கட்டிலும் எதுவும் தோன்றாது. சும்மா சைக்கிள் ஓட்டினால் கவிதை வந்துவிடும் என்றால் ஊரில் பேப்பர் போடுகிறவர்கள், பால்காரர்கள் எல்லாரும் கவிஞர்களாகியிருக்க வேண்டும். அடைகாக்க முதலில் முட்டை வேண்டுமே.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சைக்கிள் இல்லை, நடை. ஒரு சாதாரணப் பொருளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களிடம் புதுப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம். வெளியில் மரம், வானம் பார்த்து நடந்தவர்களுக்கு மட்டும் இல்லை; அறைக்குள் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள். ஒரே ஒரு சரியான விடையைத் தேட வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை, மதிப்பெண் லேசாகக் குறையவே செய்தது. ஆக, பரீட்சைக்கு உட்கார்ந்து படிப்பதுதான் நல்லது. ஆயிரம் வழிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலைக்குத்தான் கால் அசைய வேண்டும்.

உடம்பு அசைவதே பாதி உதவி என்றால், சைக்கிளில் மிச்சத்தைத் தெரு தருகிறது.

1920-ஐ ஒட்டிய வருடங்களில் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்கிற சினிமா இயக்குநர் செய்த சோதனையைப் பற்றிச் சினிமா மாணவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகம். அதே படத்துண்டுக்கு அடுத்து ஒரு தடவை சூப் கிண்ணத்தை ஒட்டினார். ஒரு தடவை சவப்பெட்டியை ஒட்டினார். ஒரு தடவை ஒரு பெண்ணை ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது, ஆசை தெரிகிறது என்றார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது. இரண்டு படத்துக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

நம்மூர் சுவர்கள் இந்தச் சோதனையைத் தினமும் இலவசமாக நடத்துகின்றன. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். அதை ஒட்டி ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ். அதற்கடுத்து ஆக்ரோஷமாக அரிவாள் தூக்கிய ஹீரோ. அதன்மேல் பாதி கிழிந்த ஒரு மூலம், பௌத்திரம் விளம்பரம். காரில் போகிறவருக்கு இது வெறும் நிறத் தீற்றல். பைக்கில் போகிறவர் படிப்பதற்குள் தாண்டிவிடுவார். நடந்து போகிறவர் ஒரே போஸ்டரிடம் ரொம்ப நேரம் மாட்டிக்கொள்வார். மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத்தான் ஒன்று மறைவதற்குள் அடுத்தது வருகிறது. சிரிக்கிற பெரியவரும் காது குத்திக்கொள்கிற குழந்தையும் அரை நொடி மனசில் ஒன்றாக இருக்கிறார்கள். அந்த அரை நொடியில் ஒரு கதை தொடங்கலாம்.

கவிதை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். சங்கக் கவிஞர்களில் சிலருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர்கள் வைத்த ஒரு காட்சியே பெயராக நின்றுவிட்டது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செம்மண்ணில் விழுந்த மழை. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டு முற்றத்தில் விளையாடுகிற அணில். யானைகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற தேய்ந்த கயிறு. ஒற்றை ஏர் மட்டும் வைத்திருக்கிற உழவன். எல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்ட சமாச்சாரம். அதை மனசில் இருந்த ஒரு தவிப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரேருழவனார் பாட்டே ஒரு பயணப் பாட்டுதான். காதலியைப் பார்க்கப் போகிறவனுக்கு ஊர் தூரமாக இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று ஒற்றை ஏர்க்காரன் படுகிற அவசரம் அவன் நெஞ்சில். பேர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, வழியில் பார்த்தது மட்டும் இரண்டாயிரம் வருடத்தை ஒட்டி நிலைத்திருக்கிறது.

போகிற வழியில் எழுதுவது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பெரிய கவிஞர்களில் ஒருவரான வாலஸ் ஸ்டீவன்ஸ், ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1934-இல் துணைத் தலைவர் பதவிக்கு வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு மைலுக்கு மேல். தினமும் நடை. நடக்கும்போதே மனசில் வரிகளைக் கட்டுவார், அலுவலகம் வந்ததும் செயலாளரிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்வார். அந்தப் பாதையில் இப்போது அவருடைய கவிதை ஒன்றின் பகுதிகளைப் பதின்மூன்று கல்லில் செதுக்கி நட்டுவைத்திருக்கிறார்கள். தமிழில் அசோகமித்திரன் தி. நகர் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். இன்ஷூரன்ஸ்காரருக்கு நடைபாதை, சென்னைக்காரருக்குப் பூங்கா பெஞ்சு.

2016-இல் ஜிம் ஜார்முஷ் எடுத்த 'பேட்டர்சன்' படத்தின் கதாநாயகன் ஒரு டவுன் பஸ் டிரைவர். பஸ்ஸை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம், மத்தியானச் சாப்பாட்டில் பத்து நிமிடம் என்று ஒரு நோட்டில் கவிதை எழுதுகிறான். ஓட்டும்போது பயணிகளின் பேச்சு காதில் விழுகிறது. ஒரு தீப்பெட்டி கவிதையாகிறது. படத்தில் வில்லன் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது. நாய் அந்த நோட்டைக் கடித்துக் குதறுவதுதான் பெரிய விபத்து. ஆனால் அந்தக் காட்சியில் மனசு பதறுகிறது. ஒரு வருடத்தின் அத்தனை துண்டு நிமிடங்களும் அந்த நோட்டில் இருந்தன என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்.

சைக்கிள், சினிமா, கவிதை மூன்றும் ஒரே இடத்தில் சேர்கிற படம் ஒன்றும் இருக்கிறது. 1994-இல் வந்த இத்தாலியப் படம் 'இல் போஸ்டினோ'. ஒரு சின்னத் தீவு. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா அங்கே தஞ்சமாக வந்து தங்கியிருக்கிறார். அவருக்கு வருகிற கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனியாக ஒரு தபால்காரன் வேண்டும். மீனவர் மகன் மரியோவுக்கு மீன்பிடிப்பு ஒத்துவரவில்லை, ஆனால் சைக்கிள் இருக்கிறது. அதனால் வேலை கிடைக்கிறது. தினமும் ஒரே ஒரு வீட்டுக்கு மலைப்பாதையில் மிதித்துப் போகிறான். உருவகம் என்றால் என்ன என்று கவிஞரைக் கேட்கிறான். சில நாளில் அவனே ஒரு கேள்வி கேட்டு நெருடாவைத் திகைக்க வைக்கிறான். உலகத்தில் இருப்பதெல்லாம் வேறு ஏதோ ஒன்றின் உருவகம்தானா என்பது மாதிரியான கேள்வி. பெரிய படிப்பு இல்லாத ஆளுக்கு இது எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து பாதி, பாதையிலிருந்து பாதி என்றுதான் படத்தைப் பார்த்தால் தோன்றும். கடைசியில் நெருடாவுக்கு அனுப்புவதற்காகத் தீவின் சத்தங்களை ரெக்கார்டரில் பதிவு செய்கிறான். அலை, காற்று, அப்பாவின் வலை, கோயில் மணி... அது கவிதையா சினிமாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மரியோவாக நடித்த மாசிமோ ட்ரோய்சிக்குக் கடுமையான இதய நோய். சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு நடித்தார். படப்பிடிப்பு முடிந்த மறுநாளே இறந்துபோனார்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். சைக்கிளில் போகும்போது தோன்றியதை எங்கே எழுதி வைப்பது? கை இரண்டும் ஹேண்டில்பாரில். ஒவ்வொரு யோசனைக்கும் ஓரம் கட்டி நின்றால் முதல் பீரியட் போய்விடும்.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எதுகை, மோனை, சீர், அடி என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்குப் படிக்கிற விஷயம் வெறும் அலங்காரம் இல்லை. கையில் ஏடும் எழுத்தாணியும் இல்லாதவர்கள் ஒரு வரியைக் கீழே போடாமல் வீடு வரைக்கும் கொண்டுபோக அது உதவியது. சைக்கிள் பாஷையில் சொன்னால் கேரியர். ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடிய பாட்டுகள் எல்லாம் இப்படிக் கேரியரில் வைத்துக் கட்டப்பட்டவை. உடம்பின் வேலைக்கு ஒரு தாளம் இருந்தது, வரி அதில் உட்கார்ந்துகொண்டது.

கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நடந்த சம்பவமோ இல்லையோ, நல்ல கதை. சாயங்காலம் வயல் பக்கம் போகிறார். ஏற்றம் இறைக்கிறவர் இலையில் தங்கியிருக்கும் பனித்துளியைப் பற்றி ஓர் அடி பாடுகிறார். இருட்டிவிட்டதால் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த அடி என்னவாக இருக்கும்? கம்பருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்க்கிறார், ஒன்றும் பொருந்தவில்லை. விடிந்ததும் ஓடிப்போய் வயல் வரப்பில் நிற்கிறார். அவர் வந்து ஏற்றத்தில் ஏறி, அந்தப் பனித்துளியைச் சூரியன் எடுத்துக்கொள்வதாகச் சர்வசாதாரணமாக முடித்துவிட்டுப் போகிறார். பத்தாயிரம் பாட்டுப் பாடிய ஆளையே காலால் ஏற்றம் மிதித்தவர் காத்திருக்க வைத்தார் என்கிறது கதை. இதை இத்தனை தலைமுறையாகச் சொல்லிவந்த ஜனங்களுக்குக் கவிதை எங்கே பிறக்கும் என்பது தெரிந்திருக்கிறது.

இவ்வளவு படித்ததும் ஒரு கோபம் வரலாம். "சைக்கிள் என்ன பூங்காவில் உலாத்துகிற சமாச்சாரமா? மே மாத வெயிலில் கட்டட வேலைக்கு மிதித்துப் போகிறவனிடம் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள், பார்ப்போம்!"

நியாயமான கோபம். இந்தக் கோபத்தைத்தான் விட்டோரியோ டி சிகா 1948-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படமாக எடுத்தார். போருக்குப் பிந்திய ரோம் நகரம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால் மட்டும். சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. அப்பாவும் சின்னப் பையன் புரூனோவும் ஊர் முழுக்கத் தேடுகிறார்கள். கடைசியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்து, மகன் கண் முன்னால் பிடிபடுகிறான். அந்தோனியோவாக நடித்த லம்பெர்ட்டோ மஜொரானி நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவர் கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருவதாகச் சொல்லியும் டி சிகா ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தோனியோவுக்குப் பகல் கனவு காண நேரம் ஏது? உண்மைதான். வயிற்றுப்பாடு நெருக்கும்போது மனசு அலையாது, ஒரே இடத்தில் சுற்றும். வாலஸ் ஸ்டீவன்ஸ் நிம்மதியாக நடந்ததற்கு மாதச் சம்பளமும் ஒரு காரணம். ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு, ஏழைக்கு எதற்குக் கற்பனை என்பது இல்லை. அவன் சைக்கிளைத் திருடாதீர்கள் என்பதுதான். சைக்கிளோடு வேலை போகிறது, வேலையோடு நிம்மதி போகிறது, கூடவே யோசனையும் போகிறது.

அந்தப் படம் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 1950-இல் கல்கத்தாவின் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரைக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பியது. அங்கே 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார். நட்சத்திரங்கள் இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல், நிஜமான தெருவில் படம் எடுக்கலாம் என்று முடிவு கட்டினார். ஊர் திரும்பும் கப்பலிலேயே தன் படத்துக்குக் குறிப்புகள் எழுதினார். பிறகும் வேலையை விடவில்லை. சனி, ஞாயிறுகளில் படப்பிடிப்பு. 1955-இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. சத்யஜித் ராய்க்கும் முதலில் கிடைத்தது துண்டு நேரங்கள்தான். ஒரு கப்பல் பயணம், சில வார இறுதிகள்.

வுல்ஃப் கேட்ட அறை பெண்களுக்கானது. சைக்கிளிலும் இந்தக் கணக்கு உண்டு. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காணாமல் போனால் யாரும் கேட்பதில்லை. பெண் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் விசாரணைக் கமிஷன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசினவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது கண்ணுக்குத் தெரிந்த லாபம். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு தனியாக வருகிற அந்தப் பாதையில் ஒரு பெண் முதல்முறையாகத் தன் யோசனையோடு மட்டும் இருந்தாள் என்பது எந்தக் கணக்கிலும் வராத லாபம். அந்த இயக்கத்துக்குள்ளிருந்தே ஒரு சைக்கிள் பாட்டும் பிறந்து ஊர் ஊராகப் பாடப்பட்டது.

2012-இல் ஹைஃபா அல்-மன்சூர் எடுத்த 'வாஜ்தா' படத்திலும் இதே சங்கதி. ரியாத்தில் ஒரு சிறுமிக்குச் சைக்கிள் வேண்டும். அவ்வளவுதான் கதை. பெண் சைக்கிள் ஓட்டுவதாவது என்கிறது ஊர். முழுக்க சவூதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் அது. தெருக் காட்சிகளின்போது ஆண்களோடு சேர்ந்து நிற்க முடியாததால் இயக்குநர் வேனுக்குள் இருந்துகொண்டு வாக்கி டாக்கியில் இயக்கினார். ஒரு பெண் தெருவைப் படமெடுப்பதும் ஒரு சிறுமி தெருவில் மிதித்துப் போவதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்படிச் சிரமப்பட்டுக் கிடைத்த அறையை இப்போது இரண்டு பேர் காலி செய்கிறார்கள்.

ஒருவர் சாலை போடுகிறவர். சாலையை அகலப்படுத்தும்போது காருக்கு இடம் வருகிறது, சைக்கிளுக்கு இருந்த ஓரம் போய்விடுகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு மூளை முழுக்க முதல் வார எருமைதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலத்தில், அதைப் பயமில்லாமல் ஓட்ட ஒரு மீட்டர் அகலம் கேட்பது பேராசை ஆகாது.

இன்னொருவர் வெளியில் இல்லை. நாமேதான். காதில் இயர்போன். பாட்டு, கிரிக்கெட் வர்ணனை, யாரோ ஒருவரின் அறிவுரை. ஆபத்து என்பது ஒரு பக்கம். பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்காது. இன்னொரு பக்கம், அந்த அரை மணி நேரத்தையும் வேறொருவருடைய யோசனைக்கு வாடகைக்கு விட்டாயிற்று. இளையராஜாவைக் கேட்பது தப்பே இல்லை. வீட்டில் கேட்கலாம், ஹாஸ்டலில் கேட்கலாம், டீக்கடையைத் தாண்டும்போது அதுவாகவே காதில் விழும். அப்படிப் பாதிப் பல்லவியில் அறுந்துபோகிற பாட்டுதான் மனசில் நாள் முழுக்க ஓடும். மீதியை மனசே போட்டுக்கொள்ளும். ஆரம்பத்தில் நான்கு நாள் போர் அடிக்கும். பழைய சண்டைகள், கட்ட வேண்டிய ஃபீஸ், வராத மெசேஜ் எல்லாம் வரிசையாக வந்து போகும். வரட்டும். அவை போன பிறகு வருவதுதான் நம்முடையது.

எல்லாரும் கவிஞராக வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நண்பனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தோன்றலாம். புராஜெக்டில் மூன்று வாரமாக முட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்கு வழி தெரியலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சிரிக்கிற பெரியவர் யாராக இருந்திருப்பார் என்று ஒரு கேள்வி வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம், அதற்கும் அந்த அறையில் இடம் உண்டு.

நாளைக் காலை கிளம்பும்போது இயர்போனை எடுத்துப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வேறு எந்த முன்னேற்பாடும் தேவையில்லை.